மார்கழி முதல் காணும் பொங்கல் வரை: விடுமுறை வாசிப்பு விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்ததும் எங்கள் வாசிப்புக் குழுவில் விளையாட்டு தொடங்கிவிடும். காணும் பொங்கல் அன்று முடியும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு கைபேசி வழியாகவே விளையாடுகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அட்டையில் எந்தெந்தக் கட்டம் வரவேண்டும் என்று முடிவு செய்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதனால் கட்டங்களைப் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

இது என்ன விளையாட்டு? எப்படி ஆடுவது?

கல்யாண வீட்டிலோ சுற்றுலாப் பேருந்திலோ தம்போலா ஆடியிருப்பீர்கள். கிட்டத்தட்ட அதுதான். ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டங்கள் கொண்ட அட்டை ஒன்றை எல்லோருக்கும் அனுப்புவோம். கட்டத்தில் எண் இருக்காது, ஒரு குறிப்பு இருக்கும்: விடியுமுன் வாசித்தது, உழவு, கிறிஸ்துமஸ், கச்சேரி, போகி, மாடு, வள்ளுவர் நாள், குளிர், அரையாண்டு விடுமுறை, புத்தகக் காட்சியில் வாங்கியது, இப்படி. குறிப்புக்குப் பொருந்துகிற ஒன்றை வாசித்துவிட்டு, அதைப் பற்றிக் குழுவில் நாலு வரி எழுதினால் அந்தக் கட்டம் உங்களுடையது. நெடுக்கிலோ குறுக்கிலோ மூலைக்கு மூலையோ ஐந்து கட்டம் சேர்ந்தால் ஒரு வரிசை.

பொதுவாக இந்த மாதிரி அட்டைகளில் நடுக்கட்டத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள், எல்லோருக்கும் இலவசம். எங்கள் அட்டையில் நடுக்கட்டம்தான் கட்டாயம். 'என் வீட்டில் கொண்டாடாத பண்டிகை' என்று அதில் எழுதியிருக்கும். எந்த வரிசையை முடித்தாலும், நடுக்கட்டத்தையும் முடித்திருந்தால்தான் அது கணக்கில் சேரும்.

எப்போது தொடங்கி எப்போது முடியும்?

மார்கழி 1, அதாவது டிசம்பர் 16-ஐ ஒட்டித் தொடக்கம். தை 3, காணும் பொங்கல் அன்று இந்திய நேரப்படி இரவு 12 மணிக்கு முடிவு. இலங்கைக்கும் அதே நேரம்தான். சிங்கப்பூரில் அப்போது விடியற்காலை 2.30, லண்டனில் மாலை 6.30, டொராண்டோவில் பகல் 1.30. கனடாவில் இருப்பவர்கள் கடைசி நாளன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம், அதற்கு முந்தின நாளே எழுதிவிடுங்கள்.

நடுவில் வந்து சேரலாமா?

சேரலாம். பொங்கலுக்கு முதல் நாள் வந்தாலும் அட்டை தருவோம்.

ஏன் இந்த மாதத்தில்? விடுமுறைக்கு ஊருக்குப் போவோமே, வாசிக்க நேரம் ஏது?

நாள் கணக்கு வைத்து வாசிக்கிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே அதிகம் இருப்பது இந்த மாதத்தில்தான். திருப்பாவை 30 பாட்டு, நாளைக்கு ஒன்று. சைவர்களுக்குத் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, சேர்த்தால் அதுவும் 30. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல் பத்து, இராப் பத்து என்று பிரித்துக்கொண்டு ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் பாடி முடிக்கிறார்கள். ஒரு பெரிய நூலை நாள்களுக்குப் பங்கிட்டு, ஊரே கூடிக் கேட்டு முடிக்கிற ஏற்பாடு அது. எங்கள் விளையாட்டு அதற்கு முன்னால் மிகச் சின்னது, ஆனால் அந்த வழியில் வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

வேறு நாடுகளிலும் குளிர்கால விடுமுறையும் புத்தகமும் சேர்ந்தே வருகின்றன. ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒருவருக்கொருவர் புத்தகம் கொடுத்து, அன்றிரவே வாசிக்க உட்காருவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற இறக்குமதிப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது, காகிதத்துக்கு அவ்வளவு இல்லை. அதனால் புத்தகமே பரிசுப் பொருளானது. 1944 முதல் அங்கே புதுப் புத்தகப் பட்டியல் ஒன்று ஆண்டுதோறும் வெளிவருகிறது.

நம் ஊரில் இந்தச் சமயத்தில் சென்னைப் புத்தகக் காட்சி இருக்கிறது. 1977-இல் தொடங்கியது, பொங்கலை ஒட்டியே நடக்கிறது. பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூலகம் தொடங்கியதும் 1998 பொங்கல் அன்றுதான்.

நடுக்கட்டத்தை ஏன் கட்டாயமாக்கினீர்கள்? மத நூல் வாசிக்கச் சொல்வது சங்கடமாக இருக்காதா?

மத நூல்தான் வாசிக்க வேண்டும் என்று இல்லை. அந்தப் பண்டிகை வருகிற ஒரு சிறுகதை போதும், ஒரு கட்டுரை போதும், சமையல் புத்தகத்தில் அந்தப் பண்டிகைப் பலகாரம் பற்றிய பகுதிகூடப் போதும். ஆனால் கொஞ்சம் துணிந்து காப்பியத்துக்குள் போனவர்கள் சொன்னதைக் கேட்டபிறகு, நான் அதையே முதலில் சிபாரிசு செய்கிறேன்.

தேம்பாவணியை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் எழுதியது. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசைதான் அதன் தலைவர். முனிவர் அவருக்கு வைத்த பெயர் வளன். மொத்தம் 3,615 பாடல்கள். எல்லாவற்றையும் யாரும் ஒரு மாதத்தில் வாசிக்க வேண்டாம், முதலில் வரும் நாட்டுப் படலம் ஒன்றே இந்தக் கட்டத்துக்குப் போதும். அதே போல உமறுப்புலவரின் சீறாப்புராணம், 5,027 பாடல்கள், நபிகளின் வரலாறு. அதிலும் நாட்டுப் படலம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். யூதேயாவைப் பாடினாலும் அரபு நாட்டைப் பாடினாலும், மழை மலையில் பெய்து, ஆறு பெருகி, வயலில் நாற்று நட்டு, கதிர் முற்றி அறுவடைக்கு வருகிறது. பாலைவன நாட்டில் நெல்வயல் ஏது என்று ஒரு கணம் தோன்றும். தமிழில் ஒரு நாட்டை வாழ்த்த வேண்டுமானால் வயலை வாழ்த்தித்தான் தொடங்க வேண்டும் என்பது இந்த இரண்டு புலவர்களுக்கும் அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது. பொங்கல் வாரத்தில் வாசிக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ரம்ஜான் இந்த மாதங்களில் வராதே என்று ஒருவர் கேட்டார். சந்திரக் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், சுற்றி வந்து சில ஆண்டுகளில் மார்கழியிலும் வரும். எப்படியானாலும் நடுக்கட்டத்துக்கு மாதக் கணக்குப் பார்ப்பதில்லை.

கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் திருப்பாவை வாசித்து எழுதியவை குழுவில் இருக்கின்றன. ஆயர்பாடியின் விடியற்காலையை, எருமை மேய்வதையும் பறவைகளின் சத்தத்தையும் வீட்டுக்கு வீடு போய்த் தோழியை எழுப்புவதையும், புதிதாகப் பார்த்த கண்கள் அவை. தினம் கேட்டுப் பழகியவர்களுக்கு அது மறுபடி கிடைத்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் எந்தப் பண்டிகையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

விடுமுறைக் கொண்டாட்டத்தில் 'டிசம்பர் நினைவு' என்று ஒரு துயரமான கட்டம் ஏன்?

அட்டை போடும்போது இதைப் பற்றி நிறையப் பேசினோம். எடுத்துவிடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். இருக்க வேண்டும் என்று நின்றவர்களில் நானும் ஒருவர்.

நம் கடற்கரைக்கு டிசம்பர் எளிதான மாதம் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி போனது, பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் முல்லைத்தீவிலும் அந்த நாளை இன்றும் தேதி சொல்லாமலே நினைவு வைத்திருக்கிறார்கள். அப்புறம் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில் நடந்தது அது. இரண்டு கட்டம் தள்ளி 'உழவு' என்று வைத்துக்கொண்டு, அந்த நெல்லுக்காகச் செத்தவர்களுக்கு இடம் இல்லை என்றால் அந்த அட்டையை என்னால் யாருக்கும் அனுப்ப முடியாது.

கீழ்வெண்மணியைப் பின்னணியாகக் கொண்ட நாவல்களில் இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனலும் சோலை சுந்தரபெருமாளின் செந்நெல்லும் குழுவில் அதிகம் பேசப்பட்டவை. குருதிப்புனலுக்கு 1977-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய தனிப்பட்ட மனக்குறையைக் காரணமாக்கியதற்காகக் கடுமையான விமர்சனமும் வந்தது. இரண்டு நாவலையும் வாசித்தவர்கள் ஒப்பிட்டு எழுதினால் எல்லோருக்கும் உதவும். இந்தக் கட்டம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் விட்டுவிடலாம், அது நடுக்கட்டம் மாதிரிக் கட்டாயம் இல்லை. சுனாமியில் யாரையாவது இழந்தவர்களிடம் இதைப் பற்றி நாங்களாக எதுவும் கேட்பதில்லை.

போகிக் கட்டத்துக்கு என்ன செய்ய வேண்டும்?

அலமாரியில் நெடுநாளாகப் பிரிக்காமல் இருக்கும் புத்தகம் ஒன்றை எடுங்கள். வாசித்தாலும் கட்டம் உங்களுக்கு, வாசிக்கப் போகிற வேறொருவருக்குக் கொடுத்தாலும் கட்டம் உங்களுக்கு. எரிக்க மட்டும் கூடாது. பழைய பாடப் புத்தகம், கிழிந்த வார இதழ் எதுவானாலும் சரி. நெருப்பிலும் ஆற்றிலும் போன ஓலைச்சுவடிகளைப் பற்றி உ.வே.சாமிநாதையர் எவ்வளவு வேதனையோடு எழுதியிருக்கிறார் என்று வாசித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு கட்டத்துக்கு எத்தனை பக்கம் வாசிக்க வேண்டும்?

பக்கக் கணக்கு இல்லை. முழுதாக ஒன்றை வாசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாவல், ஒரு சிறுகதை, காப்பியமானால் ஒரு படலம், திருக்குறளானால் ஓர் அதிகாரம். வள்ளுவர் நாள் தை 2, மாட்டுப் பொங்கலும் அன்றுதான். உழவு என்ற 104-ஆம் அதிகாரத்தை வாசித்து அன்றே எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அதை வள்ளுவர் கட்டத்துக்கு வைப்பதா, உழவுக் கட்டத்துக்கு வைப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒரே நூலை இரண்டு கட்டத்துக்குக் காட்ட முடியாது.

உழவுக் கட்டத்துக்கு முக்கூடற் பள்ளையும் யோசித்துப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆறுகள் கூடும் இடத்துக் கதை. நெல் வகைகளின் பெயரும் மாட்டு வகைகளின் பெயரும் வரிசையாக வரும் பகுதிகளைச் சத்தமாக வாசித்தால்தான் சுவை. அருகில் வயசான விவசாயி யாராவது இருந்தால் எந்த நெல்லை அவருக்குத் தெரியும் என்று கேளுங்கள்.

வீட்டு வேலைக்கே நேரம் போதவில்லை. நான் எப்படி விளையாடுவது?

பெரும்பாலும் பெண்கள்தான் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. மற்றவர்களுக்கு விடுமுறை என்றால் அவர்களுக்கு அடுப்படியில் கூடுதல் வேலை. வாசலில் கோலம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, பலகாரம், விருந்தாளி, பிள்ளைகள் வீட்டில். பெரிய புத்தகம் வாசிப்பவர்களே ஜெயிக்கிற மாதிரி விதி இருந்தால் இவர்கள் தொடக்கத்திலேயே வெளியே நிற்பார்கள்.

அதனால்தான் பக்கக் கணக்கு வைக்கவில்லை. குறுந்தொகையில் ஒரு பாட்டு நாலு வரியிலிருந்து எட்டு வரிக்குள் முடிந்துவிடும். பால் பொங்கக் காத்திருக்கும் நேரத்தில் உரையோடு வாசித்துவிடலாம், மத்தியானம் வரை மனசில் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். அப்படி வாசித்தவர்கள் எழுதும் நாலு வரி பல சமயம் நாவல் வாசித்தவர்கள் எழுதுவதைவிடக் கூர்மையாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்வேன்: வீட்டில் இருப்பவர்களிடம் அட்டையைக் காட்டுங்கள். 'எனக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி, நீங்கள் சட்னி அரையுங்கள்' என்று சொல்ல இது ஒரு காரணமாக இருக்கட்டும்.

ஒலிப்புத்தகம் கேட்டால் கணக்கா? மின்னூல்?

இரண்டும் கணக்கு. பேருந்தில் நின்றுகொண்டே கேட்கிறவர்களும் கண்பார்வை இல்லாதவர்களும் எங்களோடு ஆடுகிறார்கள். யாராவது வாசிக்கக் கேட்டதும் கணக்குதான்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? குழுவில் பிடிஎஃப் பகிரலாமா?

உரிமை உள்ள புத்தகத்தின் பிடிஎஃப்பைப் பகிரக் கூடாது. எங்கள் விதிகளில் மன்னிப்பு இல்லாத விதி இது ஒன்றுதான். தமிழில் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. சிறிய பதிப்பகங்களுக்குச் சில நூறு பிரதிகள் விற்பதே பெரிய காரியம். புத்தகத்தை நேசிக்கிறோம் என்று சொல்லும் ஒரு குழு, அதை எழுதியவரிடமிருந்து திருடக் கூடாது.

உரிமை இல்லாமல் பொதுவில் இருப்பதே வாசித்துத் தீராத அளவு இருக்கிறது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்தால் அவர் நூல்கள் பொதுவுடைமை. அதற்கு முன்பே, குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்துத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களும் ஏராளம். பாரதியின் பாடல்களுக்கான உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு 1949-இலேயே வாங்கியது. கல்கியின் படைப்புகள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. இவற்றைத் தாராளமாகப் பகிரலாம். சங்க இலக்கியமும் காப்பியங்களும் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கிடைக்கும், பின்னதில் பலவற்றுக்கு உரையும் உண்டு. ஈழத்து நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் தளம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் தெரியவில்லை.

கையில் பிடித்து வாசிக்க விரும்பினால் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். செலவு அதிகம் இல்லை. விடுமுறை நாள்களில் நூலகமும் மூடியிருக்கும், அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்தே ஒரு கட்டத்தை முடித்துவிட்டு வரலாம், சொந்தப் புத்தகத்தோடு போய் வாசிக்கவும் இடம் உண்டு. புத்தகக் காட்சியில் வாங்குகிறவர்களுக்கு வழக்கமான 10 சதவீதக் கழிவு கிடைக்கும்.

நாலு வரியில் என்ன எழுதுவது? எனக்கு விமர்சனம் எழுத வராது.

விமர்சனம் வேண்டாம். எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி வாசித்தீர்கள், யாருடைய ஞாபகம் வந்தது, எது புரியவில்லை, எதில் உங்களுக்கு உடன்பாடு இல்லை, இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும். பின்னட்டையில் இருப்பதை எடுத்துப் போட வேண்டாம். செயலியிடம் சுருக்கம் எழுதச் சொல்லி ஒட்டவும் வேண்டாம், சுருக்கம் எங்களுக்குத் தேவை இல்லை, உங்கள் வாசிப்புதான் வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதலாம், குரல் பதிவாக அனுப்பலாம். எழுத்துப் பிழையை யாரும் திருத்த மாட்டார்கள். கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டால்?

விட்டுவிடுங்கள். கட்டம் கிடைக்காது, அதற்கு வேறொன்றை வாசிக்கலாம். ஏன் விட்டீர்கள் என்று எழுதினால் நாங்கள் ஆர்வமாக வாசிப்போம்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தை வாசிக்கலாமா?

தாராளமாக. இருவருக்கும் கட்டம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் முறையைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் செய்யுளைப் படிப்பார், இன்னொருவர் பொருள் சொல்வார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் உறுப்பினர்கள் சிலர் கம்பராமாயணத்தையும் சீறாப்புராணத்தையும் இதே முறையில் காணொளி அழைப்பில் வாசிக்கிறார்கள். கடினமான பழைய நூலுக்கு இதுதான் நல்ல வழி. தனியாக உட்கார்ந்தால் பத்தாவது பாட்டில் மூடி வைத்துவிடத் தோன்றும். கேட்க ஒருவர் காத்திருக்கிறார் என்றால் உரையைப் புரட்டிப் பார்த்தாவது பொருள் கண்டுபிடித்துவிடுவோம்.

குழந்தைகளும் ஆடலாமா?

ஆடலாம், அவர்களுக்கு ஒன்பது கட்டத்தில் தனி அட்டை. எழுதத் தெரியாத பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பட்டும். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சிரமமாக இருந்தால் தாத்தா பாட்டி வாசிக்கக் கேட்டதையும் ஏற்றுக்கொள்கிறோம். அதற்காகவே வாரம் ஒரு முறை மதுரையில் இருந்து டொராண்டோவுக்கு அழைத்துக் கதை வாசிக்கும் பாட்டிகள் குழுவில் இருக்கிறார்கள். தயவுசெய்து பிள்ளைகளின் கட்டங்களை நீங்கள் நிரப்பாதீர்கள்.

பரிசு உண்டா?

ஒரு வரிசை முடித்த எல்லோருடைய பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கி மூன்று பேரைத் தேர்ந்தெடுப்போம். முதலில் முடித்தவர், அதிகம் முடித்தவர் என்று பரிசு கிடையாது. மூவரும் தமக்குப் பிடித்த புத்தகம் ஒன்றையும், அது எந்தப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ போகவேண்டும் என்பதையும் சொல்லலாம். குழுவின் செலவில் வாங்கி அங்கே அனுப்பிவைப்போம். குலுக்கல் காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் மாலை 7 மணிக்கு. அதற்குள் முகவரியைத் தயாராக வைத்திருங்கள், பின்கோடோடு.